கடை போனது, கல்லூரி வந்தது

தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி மேற்கே வந்தால் சண்முகம் சாலை. தோளை இடிக்காமல் நடக்க முடியாது. காய் வாங்கப் போனவர் நாலு பேரிடம் நலம் விசாரித்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்.

ஷாப்பிங் மாலும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தவர் விக்டர் க்ரூயன். வியன்னாவில் பிறந்த கட்டடக் கலைஞர். 1956இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் திறக்கப்பட்ட சவுத்டேல் மாலை வடிவமைத்தார். சுற்றிலும் வீடுகள், பள்ளி, மருத்துவமனை, பூங்கா என்பது அவர் கனவு. கட்டியவர்களுக்குக் கடையும் கார் நிறுத்தமும் போதுமாக இருந்தது! கடைசிக் காலத்தில் மனிதர் மால்களையே வெறுத்துவிட்டார்.

அமெரிக்காவில் மால்கள் நொடித்த பிறகுதான் அந்தக் கனவு கொஞ்சம் பலித்தது. நாஷ்வில் நகரில் வாண்டர்பில்ட் மருத்துவமனை ஒரு மாலின் மேல்தளத்துக்குக் குடிவந்தது. கீழே கடை, மேலே டாக்டர். ஆஸ்டினில் ஹைலண்ட் மால் 2015இல் மூடியது. அதற்கு முன்பே சமுதாயக் கல்லூரி அதை வாங்கிவிட்டது. ஜவுளி தொங்கிய பெரிய கூடத்தில் இன்று 600க்கும் மேற்பட்ட கணினிகள். பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள்.

நம் அண்ணா சாலை ஸ்பென்ஸர் பிளாசா? 1983இல் தீக்கிரையாகி, பிறகு புதிதாக எழுந்தது. ஒரு காலத்தில் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலேறிப் போய்ச் சுற்றிப் பார்த்த இடம். இன்று கூட்டம் குறைந்துவிட்டது. அங்கே ஒரு நூலகமும் முதியோர் நடைப்பயிற்சிக்கு ஒரு தளமும் வந்தால் என்ன? உங்கள் யோசனையை எழுதி அனுப்புங்கள்.