நிலம் நடுங்குவது ஏன்?



நிலநடுக்கம் நொடியில் நிகழ்வது. ஆனால் நொடியில் விளைவதன்று. இதற்குச் சான்றாக, 1906 ஏப்ரல் 18 அதிகாலையில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரை உலுக்கிய பூகம்பத்தை எடுத்துக்கொள்கிறேன்.

அந்நகருக்கு அருகே சான் ஆண்ட்ரியாஸ் என்னும் நீண்ட நிலப்பிளவு செல்கிறது. அதன் இருபுறத்து நிலங்களும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் எதிரெதிராக நகர்கின்றன. ஆயினும் பிளவின் ஓரத்துப் பாறைகளை உராய்வு நகரவொட்டாது பற்றிக்கொள்கிறது. இடைப்பட்ட பாறை, வளைத்த மூங்கிலைப் போல், விசையைச் சேர்த்து வைக்கிறது. அவ்விசை உராய்வை மிஞ்சியதும் பிடி விடுகிறது. பாறைகள் திடீரென வழுக்கி நிமிர்கின்றன. அதில் எழும் அலைகளே நிலத்தை நடுங்கச் செய்கின்றன.

1906இல் ஏறத்தாழ 470 கிலோமீட்டர் நீளத்திற்குப் பிளவு வழுக்கியது. அதன் குறுக்கே சென்ற சாலையொன்று சுமார் 6 மீட்டர் விலகி நின்றது. முன்னும் பின்னும் எடுத்த நில அளவைகளை ஒப்பிட்டு, ஹாரி ஃபீல்டிங் ரீட் என்னும் அறிஞர் 1910இல் இவ்விளக்கத்தை வெளியிட்டார்.

வழுக்கும் நாளை முன்னறிந்து கூற இன்றும் இயலாது. எனவே, பிளவின் அமைதியைப் பாதுகாப்பென்று எண்ணலாகாது. உறுதியான வீடுகளைக் கட்டிக்கொள்ளக் கிடைத்த தவணையே அது என்பேன்.