ஆற்றுப்படையும் இருளர் இளையோரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



துயருற்ற ஓர் இளையவருக்கு உடனிருந்து வழிகாட்டும் பணியைத் தமிழில் எவ்வாறு அழைப்பது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. அரசு அலுவலகங்களில் 'மனநல ஆலோசனை' என்கிறார்கள். ஈழத்தில் 'உளவளத்துணை' என்னும் சொல் வேரூன்றிவிட்டது. சமூகப்பணி பயின்றோருள் ஒரு சாரார் 'ஆற்றுப்படுத்துதல்' என்கின்றனர். இன்றைய உரைக்கு உகந்தது இக்கடைசிச் சொல்லே. ஆறு என்பது வழி. ஆற்றுதல் என்பது தணித்தல். இலக்கணம் பார்த்தால் ஆற்றுப்படை முதற்பொருளில் பிறந்தது. ஆனால் வழி புலப்பட்ட அளவிலேயே பாதித் துயரம் ஆறிவிடுகிறது. ஆகவே இரு பொருளையும் ஒன்றாகக் கேட்கும் செவியைக் குறை சொல்வதற்கில்லை.

ஆற்றுப்படைக்குத் தொல்காப்பியம் வகுக்கும் முறையைப் புலவர் உலகம் நன்கறியும். பரிசில் பெற்று மீள்பவர், பெறாதவரை இடைவழியில் கண்டு, தாம் பெற்ற வளத்தையும் அதைப் பெற்ற வழியையும் எடுத்துரைப்பது அது. இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். வழி சொல்பவன் அரசனல்லன், அறிஞனுமல்லன். கேட்பவனைப் போலவே நேற்றுவரை பசித்திருந்தவன். அதே யாழைச் சுமப்பவன். அதே சுற்றத்தைக் காப்பவன். எதிரே வருபவனின் வாடிய முகத்தைப் பார்த்த உடனே அவன் நிலை இவனுக்குத் தெரிந்துவிடுகிறது. கேள்வித்தாள் எதுவும் தேவைப்படவில்லை.

அந்த நூல்களுள் ஒன்று இந்த மண்ணுக்கே உரியது. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் வழியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் 500 அடிகளில் பாடிய பெரும்பாணாற்றுப்படை அது. அவ்வழியில் எயினர் குடியிருப்பு ஒன்று வருகிறது. எயினப் பெண்கள் கரம்பை நிலத்தை இரும்புப் பூண் கட்டிய கோலால் கிளறிப் புல்லரிசி எடுக்கிறார்கள். நிலத்தில் குழித்த உரலில் குற்றி, உவர்க்கிணற்று நீரில் உலையேற்றுகிறார்கள். வழிப்போக்கனான பாணனுக்கும் அதில் பங்கு உண்டு. புலவர் அவர்களை இகழவில்லை, இரங்கவுமில்லை. விருந்தளிப்போர் வரிசையில் நிறுத்துகிறார்.

இன்றும் உத்திரமேரூர் வட்டாரத்தில் அறுவடை முடிந்த வயல்களில் கடப்பாரையால் வரப்பைக் கிளறி, எலி வளைக்குள் சேர்ந்த நெல்லை எடுக்கும் மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் இருளர். எயினரின் வழித்தோன்றல்கள் இவர்களே என்று நிறுவுவது இவ்வுரையின் நோக்கமன்று; அத்தகைய துணிவு ஆராய்ச்சிக்கு நல்லதுமன்று. ஆனால் எயினர் உலையைப் படித்துச் சுவைக்கும் அதே ஊரில், எலி வளை நெல்லை உண்ட வீட்டுப் பிள்ளை பள்ளியில் அதைச் சொல்ல நாணித் தலைகுனிகிறான் என்பதை இலக்கிய வட்டம் ஒன்று கவனிக்காமல் விட முடியாது.

உத்திரமேரூர் என்றவுடன் உலகத்தார்க்கு நினைவு வருவது குடவோலை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பெற்ற கல்வெட்டுகள் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் நிற்கின்றன. வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட 35 வயது நிரம்பியிருக்க வேண்டும். வரி செலுத்தும் கால் வேலி நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். ஏரியைப் பேண ஏரி வாரியம் இருந்தது. பதினொரு நூற்றாண்டுகள் சென்ற பின்னும், இவ்வட்டாரத்து ஏரிக்கரைகளிலும் புறம்போக்கிலும் வாழும் பல இருளர் குடும்பங்களுக்கு அந்த 'சொந்த மனை' கிட்டவில்லை. மனைப்பட்டா இன்மையால் வீடு நிலைப்பதில்லை. வீடு நிலைக்காததால் பள்ளி நிலைப்பதில்லை.

தமிழகத்தில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்திய ஆறு இனங்களுள் இருளர் ஓர் இனம். 2011 கணக்கெடுப்பில் அவர்கள் தொகை ஏறத்தாழ 1,90,000. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்தது. ஆயினும் 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம்வெட்டும் களங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டனர். சிறு குழந்தைகளும் அவர்களுள் அடக்கம். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கிடந்த படத்தை நாளேடுகள் வெளியிட்டன. அம்முதியவரின் நிலை கண்டு பலர் கலங்கினர். தாத்தா ஒருவர் காலில் விழுவதைப் பார்த்து நின்ற பிள்ளைகளின் நெஞ்சில் என்ன தங்கியிருக்கும் என்று கேட்டவர் குறைவு.

அந்த நெஞ்சோடுதான் ஆற்றுப்படுத்துவோர் பேச வேண்டியிருக்கிறது. சூளைக்கு முன்பணம் வாங்கிய குடும்பம் பருவம் தொடங்கியதும் பெயர்ந்து போகிறது. எட்டாம் வகுப்புப் பெண் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கல் அடுக்குகிறாள். படிப்பைத் தொடர்ந்த பையனோ சாதிச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகப் படிகளில் நிற்கிறான். பெற்றோரிடம் சான்று இல்லை என்பதால் பிள்ளைக்கும் இல்லை. 'நீ இருளன் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்பது அலுவலகம் கேட்கும் கேள்வி. அப்பெயரைச் சொல்லித்தான் வகுப்பறையில் அவனை ஏளனம் செய்தார்கள். ஓரிடத்தில் மறைக்க வேண்டிய பெயரை மற்றோரிடத்தில் மெய்ப்பிக்க வேண்டிய நிலை பதினாறு வயதில் எளிதாகத் தாங்கக் கூடியதன்று.

இப்படிப்பட்ட பிள்ளையை ஓர் அறைக்குள் அழைத்து, எதிரே நாற்காலியில் அமர்த்தி, 'உன் பிரச்சினை என்ன?' என்று கேட்டால் அவன் பேசமாட்டான். 'ஒத்துழைக்கவில்லை' என்று படிவத்தில் எழுதப்படும். அவன் அறிந்தவரையில், மேசைக்கு அப்பாலிருந்து கேள்வி கேட்டவர்கள் காவலரும் கணக்கரும் சூளை முதலாளியுந்தான். அவனது மௌனம் பழகிப்போன தற்காப்பு. தவிரவும், துயரத்தை மனத்தின் பெயரால் சொல்லும் வழக்கம் அவன் வீட்டில் இல்லை. 'நெஞ்சு அடைக்குது', 'உடம்பு கனக்குது', 'சோறு இறங்கலே' என்றுதான் சொல்வார்கள். அகப்பாடல்களின் தலைவி பசலையையும் நெகிழும் வளையையும் காட்டித் துயருரைத்ததைப் பயின்ற கவிஞர்களுக்கு இந்த மொழி விளங்காமல் போகாது.

அதே பிள்ளை விறகு பொறுக்கும்போது அத்தையிடம் பேசுகிறான். வளை தோண்டும்போது மாமனிடம் பேசுகிறான். கை வேலையில் இருக்க, கண் மண்ணில் இருக்க, சொல் பக்கவாட்டில் வருகிறது. அத்தை நேராக அறிவுரை சொல்வதில்லை; 'உங்க தாத்தா ஒரு தரம்...' என்று யாருடைய கதையையோ தொடங்குகிறாள். கேட்பவன் தன் கதையை அதற்குள் தானே கண்டுகொள்கிறான். இதற்குப் பட்டமோ சான்றிதழோ கிடையாது. ஆனால் இது முறையற்ற பேச்சுமன்று. தலைமுறைகளாகத் தேய்ந்து வழவழப்பான ஒரு கருவி.

ஆண்டுக்கொரு முறை அக்கருவி கடற்கரையில் பெருங்கூட்டமாகப் புழங்குகிறது. மாசி முழுநிலவன்று பல மாவட்டத்து இருளரும் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகின்றனர். புடவைகளைச் சுவராகக் கட்டிக் குடில் அமைக்கின்றனர். சினந்து கடலுக்குச் சென்ற கன்னியம்மனை அமைதிப்படுத்தித் திரும்ப அழைப்பதே அவ்வழிபாடு என்று சொல்வதுண்டு. விடியலில் மணலில் படி அமைத்துப் படையலிடுகின்றனர். அருள் வந்தோர் வாக்குரைக்கின்றனர். பெண் பார்ப்பதும் திருமணமும் காதுகுத்தும் அங்கேயே நடக்கின்றன. பிரிந்த உறவுகள் பேசித் தீர்த்துக்கொள்வதும் அங்கேதான். சினந்து போனவளைக் கடிந்துகொள்ளாமல், ஊரே கரைக்கு வந்து நின்று 'திரும்பி வா' என்று அழைக்கும் ஒரு வழிபாட்டைக் காட்டிலும், வீட்டைவிட்டு ஓட நினைக்கும் ஓர் இளைஞனுக்கு உகந்த பேச்சு என்ன இருக்க முடியும்?

பழங்குடியினரின் சொந்த வழியில் நின்று துணை செய்ய வேண்டும் என்னும் கருத்து உலகின் வேறு பகுதிகளிலும் வலுப்பெற்றிருக்கிறது. நியூசிலாந்தின் மாவோரி மருத்துவர் மேசன் டூரி, 1980களில், நலவாழ்வை நான்கு சுவர் கொண்ட வீடாக உருவகித்தார்: உடல், உள்ளம், குடும்பம், ஆன்மா. ஒரு சுவர் சாய்ந்தாலும் வீடு நில்லாது. கனடாவில் சாண்ட்லர், லலோன்ட் என்னும் இருவர் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஏறத்தாழ 200 பழங்குடிச் சமூகங்களை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட முடிவு இன்னும் கூர்மையானது. நில உரிமைக்கான முயற்சி, தன்னாட்சி, பள்ளி, மருத்துவம், காவலும் தீயணைப்பும், பண்பாட்டுக் கூடம் ஆகிய ஆறும் அமைந்த சமூகங்களில், ஆய்வுக் காலத்தில் இளையோர் தற்கொலை ஒன்றுகூடப் பதிவாகவில்லை. பண்பாட்டுக் கூடத்தோடு நில உரிமையும் அப்பட்டியலில் இருப்பதை மறக்கலாகாது. பாட்டும் கூத்தும் மட்டும் கொடுத்து, பட்டாவை மறுப்பது ஆற்றுப்படுத்துதல் ஆகாது.

தமிழகத்திலேயே எடுத்துக்காட்டுகள் உண்டு. நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் 1990இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையில் பணியர், குறும்பர் போன்ற இனங்களின் பெண்களே செவிலியராகப் பயிற்றப்பட்டனர். நோயாளியின் மொழியில் பேசும் செவிலி அங்கே விருந்தாளியல்ல, உறவுக்காரி. இருளரிடையே 1978இல் வடநெம்மேலியில் உருவான பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைச் சொல்ல வேண்டும். பாம்புத்தோல் வணிகம் தடைப்பட்டுப் பிழைப்பிழந்தவர்கள், அதே கைத்திறத்தால் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்செடுத்துப் பாம்பை மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சு கடிபட்டோர்க்கு மருந்தாகிறது. அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்குள்ள வல்லுநர் தேடி அலுத்த மலைப்பாம்புகளைத் தடம் பார்த்துப் பிடித்தனர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டது. பரிசில் பெற்று மீண்ட பாணர் என்று இவர்களைச் சொன்னால் மிகையில்லை. ஏரிக்கரைப் பையனுக்கு இவர்களுள் ஒருவர் அரை நாள் தடம் பார்க்கக் கற்றுக்கொடுத்தால், அது பத்து அறிவுரைக் கூட்டங்களுக்கு மேல்.

ஆயினும் மரபு என்றவுடன் கண்ணை மூடிக்கொள்வதும் தவறு. குடியும் இளவயதுத் திருமணமும் மரபின் பெயரால் பொறுத்துக்கொள்ளப்படுகின்றன. பெண் பிள்ளை படிப்பை நிறுத்தச் சொல்லும் அத்தையும் அத்தைதான். மனநோய் முற்றியவருக்கு வாக்கு மட்டும் போதாது, மருந்து வேண்டும். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீக்கு இரையான பின்னர், அத்தர்காவின் வளாகத்திலேயே மருத்துவமும் வழிபாடும் கைகோக்க ஏற்பாடு செய்யப்பட்டது. வழிபடுவோரை விரட்டாமல், மருத்துவர் அங்கே சென்று அமர்ந்தார். 14416 என்னும் தொலைபேசி உதவி 2022 முதல் நாடெங்கும் உள்ளது, நல்ல ஏற்பாடு. ஆனால் கைப்பேசி அப்பாவிடம், அப்பா சூளையில் என்றிருக்கும் பிள்ளைக்கு எண்ணை மனப்பாடம் செய்து பயன் என்ன? இருளர் குடியிருப்பில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அக்கா ஒருத்திக்கு முறையான பயிற்சியும் ஊதியமும் கொடுத்து, அந்த எண்ணுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நிறுத்துவதே வேண்டுவது. ஊதியம் என்னும் சொல் இங்கே முக்கியம். பழங்குடியினரின் அறிவை 'சேவை' என்று புகழ்ந்து இலவசமாக வாங்கிக்கொள்ளும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது.

கவிஞர்களுக்கு இதில் வேலை உண்டா என்று கேட்கலாம். இருளரைப் பற்றிய இரங்கற்கவிதைகள் போதிய அளவு வந்துவிட்டன. வட மாவட்ட இருளர் பேசுவது தமிழே. அவர்களுடைய செடிப்பெயர்களும் தடப்பெயர்களும் அத்தைமார் கதைகளும் தமிழின் சொத்தே. அவற்றை அவ்வீட்டுப் பிள்ளைகளே கேட்டு எழுத, தாளும் மேடையும் தந்து, எழுதியவர் பெயரோடு அச்சிட இவ்வட்டத்தால் இயலும். எயினர் உலையைப் பாடப்புத்தகத்தில் படிக்கும் பிள்ளை, தன் வீட்டு உலையைத் தன் கையால் எழுதி அச்சில் பார்க்கட்டும்.

மாசி முழுநிலவுக்கு மறுநாள் கடற்கரையில் புடவைச் சுவர்கள் அவிழ்க்கப்படும். உத்திரமேரூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் மூட்டைகளோடு செங்கற்பட்டுப் பேருந்துக்கு நிற்கும். அன்றைக்கு முதல்நாள் மாலையே சென்று சேர்ந்தால், மணலில் உட்கார இடம் கிடைக்கும்.