கார் வானொலியின் கரகரப்பு

மட்டக்களப்பு வாவியின் கரையில் வாழ்வோர் காதின் அருமையை அறிந்தவர். நிலாக் காலங்களில் கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைச் செவியில் பொருத்தி, நீரடியில் எழும் இன்னொலியைக் கேட்பது அங்கே நெடுநாள் வழக்கம். 1950களில் இயேசு சபைக் குரவரான லாங் அடிகளார் அவ்வொலியைப் பதிவு செய்தார். இலங்கை வானொலியும் அதனை ஒலிபரப்பியது. இத்துணை நுண்ணிய ஓசைக்குச் செவி சாய்த்த ஊரிலே, கார் வானொலியின் ஒலிக்குமிழைச் சற்றே திருப்பியதும், கச்சான் வறுக்கும் சட்டியில் மணல் புரள்வது போன்ற கரகரப்பு எழுமாயின், அதைக் கேட்போர் முகஞ்சுளிப்பது இயல்பே.

“பெட்டி பழுதாகிவிட்டது, புதிது வாங்குங்கள்” என்று சொல்லிவிடுவது எளிது. பெரும்பாலும் பெட்டி நலமாகவே இருக்கும். குமிழின் பின்னே, குதிரை லாடம் போல் வளைந்த கரித்தடம் ஒன்று உண்டு. அதன்மேல் மெல்லிய உலோக விரலொன்று ஊர்ந்து செல்லும். விரல் நிற்கும் இடத்தைப் பொறுத்தே ஒலிக்குரிய மின்னழுத்தத்தில் எவ்வளவு பங்கு பெருக்கிக்குச் செல்வது என்பது அமைகிறது. 1841இல் ஜேர்மானிய அறிஞர் பொகென்டோர்ஃப் அமைத்த மின்னழுத்தமானியின் வழிவந்த உறுப்பு இது. கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் அந்த நிலத்தில் உப்புக்காற்றும் ஈரமும் புழுதியும் ஒருங்கே புகுந்து, விரலுக்கும் தடத்துக்கும் இடையே மாசாய்ப் படிகின்றன. தொடர்பு அறுந்து அறுந்து சேர்வதே நாம் கேட்கும் கரகரப்பு.

பழுது பார்க்கப் புகுவோர் முதலில் எஞ்சினை நிறுத்திப் பற்றறியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றல் வேண்டும். சில பெட்டிகள் மின் இழந்ததும் இரகசிய இலக்கம் கேட்கும். அதை முன்னரே குறித்து வைத்துக்கொள்வது நன்று. பெட்டியை வெளியே எடுத்து, உறுப்பின் கால்களின் அருகேயுள்ள இடுக்கில், கடைகளில் ‘கொன்ராக்ட் கிளீனர்’ என்று விற்கும் திரவத்தைச் சிறிதளவு செலுத்தி, குமிழை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை முப்பது, நாற்பது முறை திருப்புக. பின்பு நன்கு உலரவிடுக. தேங்காயெண்ணெய் இடுவோரும் உளர். அன்று அமைதி கிட்டும். சில நாளில் அவ்வெண்ணெயே புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தடமே தேய்ந்திருப்பின் துப்புரவு பயன் தராது. உறுப்பை மாற்றியே தீரவேண்டும். அதற்கும் அதே தடையளவு, அதே வகை வேண்டும். காது ஒலியை மடக்கை முறையில் உணர்வதால் தடமும் அவ்வாறே அமைக்கப்படுகிறது. சீரான தடம் கொண்ட உறுப்பைப் பொருத்தினால் குமிழ் சிறிது அசைந்ததுமே ஒலி குபீரென்று பாயும்.

இக்காலப் பெட்டிகள் பலவற்றில் குமிழ் முடிவின்றிச் சுழலும். அங்கே கரித்தடம் இல்லை. இரு தொடுகைகள் மாறி மாறி மூடித் திறக்க, அத்துடிப்புகளைப் பெட்டி எண்ணிக்கொள்கிறது. தொடுகையில் மாசு படிந்தால் எண்ணிக்கை தவறும். குறைக்கத் திருப்பியவருக்கு ஒலி கூடும். கரகரப்பைவிட இது பொல்லாதது. நெரிசலான வீதியிலே திடீரென்று அலறும் பெட்டி சாரதியின் கவனத்தைப் பறித்துவிடும். இதற்கும் முதல் மருந்து அதே துப்புரவுதான்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளியை மட்டக்களப்பார் மறந்திலர். அத்தகைய நாளில் மின்கம்பங்கள் சாய்ந்து வீட்டு மின்சாரம் நின்றாலும், முற்றத்துக் காரின் 12 வோல்ற்றுப் பற்றறியில் வானொலி பேசும். ஆகவே ஐப்பசி மழைக்கு முன்னரே இவ்வேலையை முடித்துவிடுதல் தகும். முடித்தபின், செய்தி வாசிப்பு ஒன்றை வைத்து ஒலியை மிகவும் தாழ்த்திக் கேட்க வேண்டும். ஸ்டீரியோப் பெட்டியில் இரு தடங்கள் உண்டு. ஒன்று துலங்கி மற்றது மங்கியிருக்கலாம். இடப்புறமும் வலப்புறமும் அக்குரல் ஒரே அளவில் கேட்டால் பெட்டியை மீண்டும் அதன் இடத்தில் பொருத்தலாம்.