பகலும் இரவும் ஒக்கும் நாள்

இங்கிலாந்து தேசத்துக் குழந்தைக்குக் குளிர்காலம் என்பது குளிரினும் பெரிதாக இருளின் காலமாகும். மார்கழி மாதத்திலே இலண்டன் மாநகரின் பகற்பொழுது எட்டு மணி நேரத்திற்குங் குறைவு. மாலை நான்கு மணியாகுமுன் கதிரவன் மறைந்துவிடுவான். ஆனி மாதத்திலோ அதே நகரில் பகல் பதினாறரை மணி நேரத்தையுங் கடந்து நிற்கும். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் நெடிய பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒரு மணி நேரமே. ஆதலால், பொழுது வளர்கின்றது என்னும் செய்தி ஒரு வீட்டைக் குதூகலத்தில் ஆழ்த்தக்கூடும் என்பதை இலங்கையில் வாழ்வோர் சற்று முயன்றுதான் உணர்தல் வேண்டும்.

அவ்வளர்ச்சி மிக விரைவாக நிகழும் காலம் பங்குனி மாதமாகும். அப்போது இலண்டனில் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் பகல் நீளுகின்றது. ஒரு கிழமைக்குள் அரைமணி நேரமளவு வெளிச்சம் கூடிவிடுகிறது. மார்ச்சு மாதம் 20ஆந் திகதியளவில் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேரே நிற்க, உலகெங்கும் பகலும் இரவும் ஏறக்குறைய ஒத்துவிடுகின்றன. அந்த நாளைத் தம் இல்லத்திலே குழந்தைகளோடு விழாவாகக் கொண்டாடும் ஒரு சாரார் பிரித்தானியாவில் உளர். அவர்கள் தம்மைப் பேகன் நெறியினர் என்று கூறிக்கொள்கின்றனர்.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனுக்கும் இப்பெயருக்கும் யாதொரு தொடர்புமில்லை. இலத்தீன் மொழியிலே நாட்டுப்புறத்தான் என்று பொருள்படும் ஒரு சொல், கிறித்தவம் பரவிய காலத்தில் அச்சமயத்தைச் சாராதோரைக் குறிப்பதாயிற்று. தமிழிற் சமயப்பணி புரிந்த பாதிரிமார் 'அஞ்ஞானிகள்' என்று எழுதியது இதையொத்த கருத்திலேயே. இகழ்ச்சியாக வழங்கிய அப்பெயரை விரும்பி எடுத்துச் சூடிக்கொண்டவர்களே இற்றைப் பேகன் நெறியினர். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 74,000 பேர் தம் சமயம் பேகன் என்றும், 13,000 பேர் அதன் ஒரு கிளையாகிய விக்கா என்றும் எழுதினர். இவர்களுக்குக் கோயிலென்று பொதுவில் ஒன்றில்லை. இலண்டன் கோபுரத்தை அடுத்த மேட்டிலே, வெண்ணிற ஆடை தரித்த துரூயிதர் சங்கத்தார் 1956 முதல் இந்நாளில் ஒன்றுகூடி வருவதுண்டு. எனினும், குழந்தைகளைப் பொறுத்தமட்டில் விழா நிகழுமிடம் வீட்டின் அடுக்களையே.

அடுக்களையில் நிகழ்வன யாவை? முதலாவது முட்டை. வெங்காயத்தின் காய்ந்த தோலைப் பல நாட் சேர்த்துவைத்து, நீரிலிட்டு, சிறிது வினாகிரி கலந்து, முட்டையை அதில் அவிக்கின்றனர். ஓடு பழுத்த பொன்னிறம் பெறுகிறது. சிவப்புக் கோவா நீலத்தைத் தருகிறது. சிவப்பு எவ்வாறு நீலமாயிற்று என்று குழந்தைகள் ஆண்டுதோறும் வியக்கின்றனர். மஞ்சள் தூள் தரும் நிறத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. முட்டையின்மேல் ஒரு சிற்றிலையை வைத்து, மெல்லிய துணியால் இறுகக் கட்டி அவித்தால், கட்டவிழ்க்கும்போது இலையின் வடிவம் நரம்பு நரம்பாக வெளிறித் தோன்றும். வெந்த முட்டையின் கட்டை அவிழ்க்கும் அந்தக் கணத்தை ஐந்து வயதுக் குழந்தைக்கு முன்கூட்டிச் சொல்லி ஆறியிருக்கச் செய்வதுதான் தாய்மார்க்குப் பெரும்பாடு.

அடுத்து, ஒரு சிறு மேசை. சாளரத்தின் ஓரமாக அதை அமைத்து, டாஃபடில் என்னும் மஞ்சள் மலரையும், பூனைக்குட்டியின் பாதம்போல மென்மயிர் போர்த்த அரும்புகளையுடைய வில்லோ மரக்கொம்பையும் வைப்பர். கறுப்பு மெழுகுதிரி ஒன்றும் வெள்ளை மெழுகுதிரி ஒன்றும் ஒரே உயரத்தில் நிற்கும். இரவும் பகலும் ஒத்தன என்பது அதன் குறிப்பு. மலர்களைக் கடையில் வாங்காது, குழந்தைகளை வெளியே அழைத்துச் சென்று தேடச் செய்யும் வீடுகளே சிறந்தன எனலாம். எந்த வேலியில் முதல் தளிர் விட்டது, எந்தப் பறவை கூடு கட்டத் தொடங்கிற்று என்று பார்த்துவந்து சொல்வதே அங்கே குழந்தையின் வழிபாடு. பின்பு விதையிடல். பட்டாணியும் சூரியகாந்தியும் சிறு சட்டிகளில் இடப்படும். உடைத்த முட்டையோட்டின் அடியில் ஈரப் பஞ்சு வைத்து, கடுகின் இனத்தைச் சேர்ந்த கிரெஸ் என்னும் சிறுகீரையின் விதையைத் தூவி, ஓட்டின் வெளிப்புறத்தில் குழந்தை கண்ணும் மூக்கும் வரைகின்றது. ஒரு கிழமைக்குள் அந்த முகத்துக்குப் பச்சை மயிர் முளைக்கின்றது.

இவற்றோடு ஒரு கதையுங் கூறுவர். ஓஸ்டாரா என்னும் வசந்த தேவி, பனியில் இறகு உறைந்து கிடந்த ஒரு பறவையைக் கண்டு இரங்கி, அதை முயலாக மாற்றினாள். முயலாகிய பின்னரும் முட்டையிடும் ஆற்றல் அதைவிட்டு நீங்கவில்லை. நன்றியறிதலாக ஆண்டுதோறும் வண்ண முட்டைகளை அது தேவிக்குக் காணிக்கையிட்டு வருகின்றது என்பது கதை.

இவ்விடத்திலேதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. ஏழெட்டு வயது நிரம்பிய பிள்ளை ஒருநாள் வினவும்: "அந்தத் தேவியை யார் கண்டார்? இக்கதை உண்மையா? முன்னோர் கொண்டாடியது இப்படித்தானா?"

கோயிலும் குருமாரும் உள்ள சமயத்தில் இவ்வினாவைப் பெற்றோர் பிறரிடம் ஒப்புவித்துவிடலாம். இவர்களுக்கு அவ்வசதி இல்லை. மேலும், ஆராய்ச்சியாளர் கூறும் விடை இவர்களுக்குச் சாதகமாகவும் இல்லை. வட இங்கிலாந்திலே வாழ்ந்த பீட் என்னும் கிறித்தவத் துறவி, 725ஆம் ஆண்டளவில் காலக் கணிப்பைப் பற்றி ஒரு நூல் இயற்றினார். ஆங்கிலேயரின் முன்னோர் ஒரு மாதத்துக்கு ஏயோஸ்ட்ரே என்னும் தேவியின் பெயரை இட்டிருந்தனர் என்றும், அவளுக்கு அம்மாதத்தில் விழா எடுத்தனர் என்றும் அதிலே குறிப்பிட்டார். அவ்வளவே. முயலைப் பற்றியோ முட்டையைப் பற்றியோ அவர் ஒன்றும் உரைத்தாரல்லர். ஓஸ்டாரா என்னும் ஜேர்மானிய வடிவம், 1835இல் யாக்கோப் கிறிம் என்னும் மொழியறிஞர் அனுமானத்தால் அமைத்தது. முட்டையிடும் முயல் 1682இல் ஜேர்மானிய மருத்துவர் ஒருவரின் நூலில் ஈஸ்டர் விழாவோடு சேர்த்தே பேசப்படுகிறது. பறவை முயலான கதையை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன் எழுத்திற் காண்பதரிது. முட்டைக்கு வண்ணமிடும் வழக்கத்தின் பழைய ஆங்கிலச் சான்றும் ஈஸ்டரைச் சார்ந்ததே. 1290இல் முதலாம் எட்வேட் மன்னர் 450 முட்டைகளை அலங்கரிக்கப் பதினெட்டுப் பென்ஸ் செலவிட்டதாக அரண்மனைக் கணக்குண்டு. தவக்காலத்தில் முட்டை விலக்கப்பட்டிருந்தமையால், அது முடிந்த நாளில் முட்டை விருந்துப் பொருளாயிற்று.

பீட் வெறுங்கற்பனை செய்தார் என்று தள்ளிவிடுவதற்குமில்லை. 1958இல் ஜேர்மனியின் மேற்குப் பகுதியிலே, உரோமர் காலத்தைச் சேர்ந்த 150க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் கண்டெடுக்கப்பட்டன. தாய்த் தெய்வங்களுக்கு நேர்ந்துகொண்ட அவற்றிலே ஏயோஸ்ட்ரே என்பதை ஒத்த ஒரு பெயர் காணப்படுகிறது. தேவி ஒருகால் இருந்திருக்கலாம். இற்றை விழா மட்டும் அன்றைய விழாவன்று.

இற்றை விழாவின் வரலாற்றில் இலங்கைக்கும் ஒரு சிறு பங்குண்டு. விக்கா நெறியை உலகறியச் செய்த ஜெரால்ட் கார்ட்னர் என்னும் ஆங்கிலேயர், 1900இல், பதினாறு வயது இளைஞராக, இலங்கைக்கு வந்து மலைநாட்டுத் தோட்டங்களிலே தேயிலைத் தொழில் பயின்றவர். சில ஆண்டுகளின் பின் மலாயா முதலிய தேசங்களுக்குச் சென்று, முதுமையில் இங்கிலாந்து மீண்டார். சூனியத்துக்கெதிரான பழைய சட்டம் 1951இல் நீக்கப்பட்டதும், 1954இல் தம் நெறியைப் பற்றி நூல் வெளியிட்டார். அந்நெறி வளர்ந்தோருக்கே உரியது. தீட்சை பெற்றோர் மறைவிடத்தில் இரவிற் கூடுவர். குழந்தைக்கு அங்கே இடமில்லை. சமஇரவு நாட்கள் ஆண்டின் எட்டு விழாக்களுள் இரண்டாக நிலைபெற்றது 1950களின் பிற்பகுதியிலேதான். வசந்த விழாவுக்கு ஓஸ்டாரா என்னும் பெயரைச் சூட்டியவர் அமெரிக்கராகிய ஏய்டன் கெலி, ஆண்டு 1974. முதல் தலைமுறையினர் தாமாக விரும்பிச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்த பின்னரே, மறைவிடத்துச் சடங்கை அடுக்களைக்குக் கொண்டுவர வேண்டிய தேவை எழுந்தது. ஸ்டார்ஹோக் என்னும் அமெரிக்கப் பெண்மணி வேறிருவரோடு சேர்ந்து, குழந்தை வளர்ப்புக்கென இத்துறையில் ஒரு நூலை 1998இல் வெளியிட்டார் என்றால், அத்தேவை எத்துணை அண்மையது என்பது விளங்கும்.

எனவே பெற்றோர் முன் இரு வழிகள் நிற்கின்றன. பல்லாயிரம் ஆண்டுத் தொன்மை என்று சொல்லிப் பிள்ளையை நம்பவைத்தல் ஒன்று. அது எளிது, பள்ளித் தோழர் ஈஸ்டர் விடுமுறையையும் சொக்கலேற்று முட்டையையும் பற்றிப் பேசும்போது, தன்னதே பழையது என்று பெருமை பாராட்டவும் உதவும். ஆனால் அப்பிள்ளை வளர்ந்து ஒரு நூலகத்தினுள் நுழையும் நாளில் அப்பெருமை உடையும். உடைப்பவர் பெற்றோரே என்று அது எண்ணவுங் கூடும். மற்றது, கதையைக் கதையென்றே சொல்லுதல். பேகன் பெற்றோருட் பலர், பிள்ளை வளர்ந்தபின் தன் சமயத்தைத் தானே தெரிந்துகொள்ளட்டும் என்னும் கொள்கையினர். தெரிந்துகொள்ளும் உரிமையை அளிப்பவர் உள்ளதை மறைத்தல் தகாது. இரண்டாவது வழியே நன்று என்பதில் ஐயமில்லை. அதனால் விழா சுவை குன்றுமோ என்று அஞ்சவும் வேண்டியதில்லை. கதையென்று தெரிந்தே கதை கேட்கும் ஆற்றல் குழந்தைகளுக்கு நிரம்ப உண்டு.

சோதித்தறியத்தக்கன பல அந்த நாளில் இருக்கின்றன. சமஇரவு நாளில் மட்டும் முட்டை செங்குத்தாக நிற்கும் என்றொரு நம்பிக்கை பரவியுள்ளது. வசந்தத் தொடக்க நாளில் சீனர் முட்டையை நிறுத்துவதைக் குறித்து 1945இல் ஓர் அமெரிக்கச் சஞ்சிகை வெளியிட்ட செய்தியால் அது பரவியது. சீனரின் அந்த நாளோ மாசி தொடங்கும் காலத்தது. குழந்தை பொறுமையோடு முயன்று மார்ச்சு 20இல் முட்டையை நிறுத்திவிட்டால், அடுத்த கிழமையும் முயலச் சொல்லுதல் வேண்டும். அன்றும் அது நிற்கும். தான் கண்டதைத் தானே சோதித்துப் பார்த்த மகிழ்ச்சி குழந்தைக்கு மிச்சம்.

நிழலோ ஏமாற்றுவதில்லை. ஒரு மீற்றர் நீளமான தடியை முற்றத்தில் நட்டு, அதன் நிழல்முனை விழும் இடங்களில் மணிக்கொரு கூழாங்கல் வைத்தால், மற்றைய நாட்களில் வளைந்து செல்லும் கல்வரிசை அன்று மேற்கிலிருந்து கிழக்காக நேர்க்கோடாய் அமையும். இலண்டனில் அன்று நண்பகல் நிழல் ஏறத்தாழ ஒன்றேகால் மீற்றர். மார்கழியில் அது மூன்றரை மீற்றருக்கு மேற்பட்டிருந்தது. ஆனியில் அரை மீற்றரளவாகக் குறுகும். யாழ்ப்பாணத்திலே அதே தடியை அன்று நட்டால், நிழல் ஒரு சாணுக்குங் குறைவு. மேலும் மூன்றரைக் கிழமை சென்றால் சூரியன் நேர் உச்சிக்கு வர, நண்பகலில் நிழலே இராது.

அந்நாட்களிலேதான் சித்திரைப் புத்தாண்டு பிறக்கிறது. பஞ்சாங்கங்கள் அதனை விஷு புண்ணியகாலம் என்கின்றன. விஷு என்பது பகலும் இரவும் ஒத்தலைக் குறிக்கும் வடசொல். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் சமஇரவும் சூரியன் மேட இராசியிற் புகும் நாளும் ஒன்றாயிருந்தன. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் இன்று அவை ஏறக்குறைய இருபத்தைந்து நாள் விலகிநிற்கின்றன. நாள் விலகியும் பெயர் விலகவில்லை. கைவிசேடம் பெறக் கை நீட்டும் குழந்தை கேட்டால், இதையும் ஒளிக்காமற் சொல்லலாம்.

இலண்டன் வீட்டிலே, விழா முடிந்து ஒரு கிழமை சென்றபின், முட்டையோட்டு முகங்களின் பச்சை மயிர் விரலளவு வளர்ந்திருக்கும். குழந்தை கத்தரிக்கோலால் அதை வெட்டுகின்றது. தாய் அவித்த முட்டையை மசித்து, கீரையைத் தூவி, பாணுக்கிடையில் வைத்துக் கொடுக்கிறாள். மாலை ஆறு மணி கடந்தும் சாளரத்தில் வெளிச்சம் இருக்கிறது. விளக்கேற்றாமலே அவர்கள் உண்ணுகின்றனர்.