முதல் பேட்ச்



1985-ஆம் ஆண்டு. அப்போதைய மேற்கு ஜெர்மனியில் லூனபுர்க் என்று ஒரு பழைய ஊர். மார்கோ போரீஸ் என்ற பதின்பருவத்து இளைஞர் அங்கே ஸ்டார் டிவிஷன் என்ற பெயரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். கணினியில் கடிதமும் கட்டுரையும் தட்டச்சு செய்ய ஒரு மென்பொருளை அந்த நிறுவனம் உருவாக்கியது. கணக்குப் போடவும் படம் வரையவும் கருவிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, பின்னாளில் அது ஸ்டார் ஆபீஸ் ஆனது. எழுதியவர்கள் ஜெர்மானியர்கள். அதனால் நிரலுக்கு நடுவே அவர்கள் எழுதிவைத்த குறிப்புகளும் ஜெர்மன் மொழியில்தான் இருந்தன.

குறிப்பு என்றால் என்ன? நிரல் எழுதுகிறவர், ‘இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது, இதை மாற்றினால் எது கெடும்’ என்று அடுத்து வருகிறவருக்காக எழுதிவைக்கும் சொற்கள். கணினி அவற்றைத் தாண்டிப் போய்விடும். படிப்பவர் மனிதர் மட்டுமே.

1999-இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது. அடுத்த ஆண்டே நிரல் முழுவதையும் உலகத்துக்குத் திறந்துவிட்டது. அப்படிப் பிறந்தது ஓப்பன் ஆபீஸ். 2010-இல் சன் நிறுவனம் ஆரக்கிளின் கைக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி, தன்னார்வலர்கள் பலர் ஒன்றுகூடி, அதே நிரலை எடுத்துக்கொண்டு லிபர் ஆபீஸ் என்ற புதிய பெயரில் தனியாகப் பயணத்தைத் தொடங்கினார்கள்.

தனியாக வந்தவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஆனால் வருகிறவர் எதைத் தொடுவார்? பல லட்சம் வரிகள் கொண்ட நிரல், இருபத்தைந்து ஆண்டுப் பழமை, அதிலும் குறிப்புகள் பெரும்பாலானோருக்குப் புரியாத மொழியில். ஆர்வத்தோடு வந்து எட்டிப் பார்த்த இளைஞர் திகைத்துப்போய்த் திரும்பிவிடுவார்.

அதற்கு அவர்கள் கண்ட வழி ஒரு பட்டியல். ஈஸி ஹாக்ஸ் என்று பெயர். எளிய வேலைகள் என்று சொல்லலாம். மூத்தவர்கள் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடக்கூடிய சிறு வேலைகளை, தாங்கள் செய்யாமல், புதிதாக வருகிறவர்களுக்காக ஒதுக்கிவைத்தார்கள். எந்தக் கோப்பு, எந்த இடம், என்ன மாற்ற வேண்டும் என்று எழுதியும் வைத்தார்கள். அந்தப் பட்டியலில் ஒரு வேலை, ஜெர்மன் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதித் தருவது.

இந்த யோசனையின் அருமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஜெர்மனும் ஆங்கிலமும் தெரிந்தால் போதும். ஆனால் நாலு வரியை மொழிபெயர்த்து அனுப்புவதற்குள், நிரலைத் தன் கணினிக்கு இறக்கிக்கொள்வது, மாற்றத்தைப் பதிவு செய்வது, பரிசீலனைக்கு அனுப்புவது, வரும் பதிலைப் படித்துத் திருத்துவது என்று திட்டத்தின் நடைமுறை முழுவதும் கைக்கு வந்துவிடும். மாற்றியது குறிப்பை மட்டும் என்பதால், தவறு நேர்ந்தாலும் மென்பொருள் பழுதாகாது. பல ஆண்டுகள், பலர் கை மாறி மாறி, ஆயிரக்கணக்கான குறிப்புகள் இப்படி மொழி மாறின.

இப்படி நிரலை எல்லோருக்கும் திறந்துவைக்கும் திறமூல மென்பொருளில் பங்களிக்க நினைக்கும் நம் மாணவர்களில் பலர், முதலில் பெரிய நிரலாளராகிவிட வேண்டும், பிறகுதான் கதவைத் தட்ட வேண்டும் என்று நினைக்கிறார்கள். இந்த எண்ணம் தவறு. உள்ளே போன பிறகு கற்றுக்கொள்வதுதான் அதிகம்.

சரி, முதல் நாள் என்ன நடக்கும்? லிபர் ஆபீஸையே எடுத்துக்கொள்வோம். நிரலை இறக்கி, அதை ஓடக்கூடிய மென்பொருளாகத் தன் கணினியில் உருவாக்கிப் பார்க்க வேண்டும். சாதாரண மடிக்கணினியில் முதல் முறை இதற்குப் பல மணி நேரம் ஆகும். இரவு ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்தால், ஏதோ ஒரு துணைக்கோப்பு இல்லையென்று பாதியில் நின்றிருக்கும். புதியவர்கள் மனம் தளர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இது திறமைக் குறைவால் நேர்வதில்லை. மூத்தவர்களுக்கும் புதுக் கணினி வாங்கினால் இதே கதைதான். நின்ற இடத்தில் திரையில் தெரியும் கடைசிச் சில வரிகளை அப்படியே எடுத்து, என்ன செய்தேன், என்ன வந்தது என்று கேட்டால், பதில் சொல்ல ஆள் இருக்கிறார்கள். ‘வேலை செய்யவில்லை, உதவுங்கள்’ என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது.

அடுத்து, மாற்றத்தை அனுப்புவது. ஒரு திருத்தத்தைப் பேட்ச் என்கிறார்கள். லிபர் ஆபீஸில் பேட்ச் எதுவும் நேராக நிரலுக்குள் போய்ச் சேராது. கெரிட் என்ற பரிசீலனைத் தளத்தில் வந்து நிற்கும். லினக்ஸ், விண்டோஸ், மேக் என்று பல இயங்குதளங்களிலும் அது சரியாக உருவாகிறதா என்று இயந்திரங்கள் தாமாகவே சோதிக்கும். பிறகு அனுபவசாலி ஒருவர் வரி வரியாகப் படிப்பார். இதற்கிடையில் புதியவர் ஒரே ஒரு முறை, தன் பங்களிப்புகளை இன்ன உரிமங்களின்கீழ் வெளியிடச் சம்மதம் என்று எழுதித் தர வேண்டும். சம்பிரதாயம் போலத் தோன்றும். ஆனால் அந்த நிரலை உலகில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற உரிமை இப்படிப்பட்ட சம்மதங்களின் மேல்தான் நிற்கிறது.

படித்தவர் பதில் எழுதுவார். ‘இந்தப் பெயரை மாற்றுங்கள். இரண்டு விஷயங்களை ஒரே பேட்சில் கலந்திருக்கிறீர்கள், பிரியுங்கள். ஏன் இந்த மாற்றம் என்று விளக்கம் இல்லையே.’ வணக்கமும் பாராட்டும் குறைவாக, சுருக்கமாகத்தான் இருக்கும். ஆசிரியரின் சிவப்பு மையைத் தோல்வியின் அடையாளமாகப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு இது வலிக்கும். ஆனால் அந்த மூத்தவர் தன் சொந்த நேரத்தில் முகம் தெரியாத ஒருவரின் எழுத்தை உட்கார்ந்து படித்திருக்கிறார் என்பதை நினைக்க வேண்டும். திருத்தி மறுபடி அனுப்பினால் மறுபடியும் படிப்பார். மூன்றாவது முறை, நான்காவது முறை ஏற்கப்படுவது மிகச் சாதாரணம்.

அந்தக் கண்டிப்புக்குக் காரணமும் உண்டு. 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் எக்ஸ்இசட் என்ற மென்பொருளில் நடந்ததைப் பாருங்கள். கோப்புகளைச் சுருக்கும் சிறிய கருவி அது. உலகின் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நல்ல பங்களிப்பாளராகப் பழகி, பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவர், கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு கள்ளக் கதவை அதற்குள் ஒளித்துவைத்துவிட்டார். அந்தப் பெயருக்குப் பின்னால் உண்மையில் யார் என்பது வெளிப்படவே இல்லை. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று உறுத்தியது அவருக்கு. அந்த அரை வினாடியைப் பின்தொடர்ந்து போனார். உலகம் ஒரு பெரிய ஆபத்திலிருந்து தப்பியது. புதியவரிடம் நாலு கேள்வி கேட்பதும், பயன்படுத்துகிறவர்கள் சின்ன மாற்றத்தையும் கவனிப்பதும் எவ்வளவு முக்கியம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

கவனிப்பதும் ஒரு பங்களிப்புதான். நேற்றுவரை சரியாக அச்சான ஆவணம், புதிய பதிப்பில் வரி பிசகி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஆயிரம் மாற்றங்கள் நடந்திருக்கின்றன. எந்த மாற்றத்தால் கெட்டது? நீளமான மின்கம்பியில் எங்கே அறுந்திருக்கிறது என்று தேடும் எலக்ட்ரீஷியன் என்ன செய்வார்? நடுவில் சோதிப்பார். அங்கே மின்சாரம் வந்தால் குறை அப்பால், வராவிட்டால் இப்பால். மிச்சப் பாதியிலும் மறுபடி நடுவில். இப்படிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால், ஆயிரம் மாற்றங்களில் குற்றவாளியைப் பத்தே சோதனையில் பிடித்துவிடலாம். இதற்காகவே லிபர் ஆபீஸ் திட்டத்தார் இடைப்பட்ட பதிப்புகளை ஓடக்கூடிய நிலையிலேயே சேமித்துத் தருகிறார்கள். நிரல் எழுதத் தெரியாதவரும் திறந்து பார்த்து, ‘இதில் சரி, இதில் தவறு’ என்று சொல்லிக்கொண்டே போகலாம்.

செய்யக்கூடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்று ஒரு நிகழ்வு நடக்கிறது. 2020-இல், நான்கு பங்களிப்புகளை அனுப்பினால் டி-சர்ட் பரிசு என்று அறிவித்திருந்தார்கள். விளக்கக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்ப்பது, ஒரு பெயரடையை மாற்றுவது என்று பயனற்ற திருத்தங்கள் வெள்ளமாகக் குவிந்தன. தன்னார்வலர்களின் நாட்கள் அவற்றை மறுப்பதிலேயே கழிந்தன. நிகழ்வு தொடங்கிய சில நாட்களிலேயே, சம்மதிக்கும் திட்டங்கள் மட்டுமே பங்கேற்கலாம் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. வேலை தேடும்போது காட்டுவதற்காக எண்ணிக்கை சேர்க்கும் மாணவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். ஒரு திட்டத்தில் ஆறு மாதம் நிலைத்து நின்று செய்த மூன்று திருத்தங்கள், முப்பது இடங்களில் தெளித்துவிட்டு வந்த முப்பது திருத்தங்களைவிட மேல்.

தமிழர்களுக்கு இதில் தனி வேலை ஒன்று காத்திருக்கிறது. 2011-இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளமும் இருந்தது. அதைத் திறந்து தமிழில் தட்டச்சு செய்த பிள்ளைகள் ஏராளம். ‘கொ’ என்று தட்டுகிறோம். திரையில் கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் வர வேண்டும். கணினிக்குள்ளோ ககரம் முதலில், உயிர்க்குறி பிறகு. வரிசையை மாற்றிக் காட்டும் வேலையைச் செய்வது எழுத்துருவும் ஹார்ஃப்பஸ் போன்ற நிரலும். 2017-இல் வந்த 5.3 பதிப்பு முதல் லிபர் ஆபீஸ் எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ஃப்பஸையே பயன்படுத்துகிறது. கொம்பு இடம் மாறினாலும், புள்ளி தள்ளி நின்றாலும் பெர்லினில் இருக்கும் நிரலாளரின் கண்ணுக்குத் தெரியாது. தஞ்சாவூரில் இருக்கும் பள்ளி மாணவிக்கு உடனே தெரியும். அவள் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

எனவே ஒரு வேண்டுகோள். உங்கள் கணினியில் லிபர் ஆபீஸ் இருந்தால், அடுத்த முறை அதில் தமிழ் எழுத்து ஏதாவது பிசகும்போது சலித்துக்கொண்டு மூடிவிடாதீர்கள். உதவி என்ற பட்டியலைத் திறந்தால், அதன் கடைசியில் பதிப்பு எண் கிடைக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த எழுத்துரு, என்ன தட்டினீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று ஐந்து வரி எழுதி, திரையில் தெரிவதைப் படம் ஒன்றும் எடுத்து, திட்டத்தின் வழுப் பதிவேட்டில் சேர்த்துவிடுங்கள். ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை.