பொத்தானை அமுக்குறது எம்.பி. விரல், முடிவு யாரோடது?

(பொன்னமராவதியில் நடைபெற்ற விவசாயிகள் சங்க விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வேலைவெட்டியைப் போட்டுட்டு வந்திருக்கீங்க. அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். நம்ம தொகுதி எம்.பி. யாருன்னு கேட்டா இங்க இருக்கிற எல்லாரும் சொல்லிடுவீங்க. எந்தக் கட்சி, எந்தச் சின்னம், எல்லாம் தெரியும். ஆனா நம்ம நிலத்தைப் பத்தி, நம்ம விளைச்சலைப் பத்தி டெல்லியில மசோதா வந்தப்ப அவர் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்? இதைக் கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டீங்க. தப்பு உங்க மேல இல்லை. யாரும் வந்து சொன்னதில்லை.

முதல்ல ஒரு பழைய கதை. 2009 தேர்தலுக்கு முன்னாடி வரைக்கும் புதுக்கோட்டைன்னு நமக்குத் தனிப் பாராளுமன்றத் தொகுதி இருந்தது. மறுசீரமைப்புன்னு சொல்லி அதைக் கலைச்சாங்க. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்குப் போச்சு. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்கு. அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. விராலிமலை கரூருக்கு. ஒரு மாவட்டத்து விவசாயி தன் குறையைச் சொல்ல நாலு எம்.பி. வீட்டு வாசலுக்கு நடக்கணும். நாலு பேரு இருந்தும் நம்ம மாவட்டத்துக்குன்னு ஒரு குரல் கிடையாது.

சரி, அவர் அங்க போய் என்ன செய்யுறார்? அவர் இருக்கையில பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான், மஞ்சள் பொத்தான் இருக்கு. பச்சைன்னா ஆதரவு, சிவப்புன்னா எதிர்ப்பு, மஞ்சள்னா எந்தப் பக்கமும் இல்லை. எதை அமுக்கணும்னு முடிவு பண்றது அவரில்லை. கட்சி கொறடா முன்கூட்டியே ஒரு கடிதம் அனுப்புவார். அதுல ஒரு கோடு போட்டிருந்தா தகவலுக்கு. ரெண்டு கோடுன்னா கண்டிப்பா வந்து உட்காரணும். மூணு கோடுன்னா வரவும் வேணும், கட்சி சொன்ன பக்கம் ஓட்டும் போடணும். கொறடான்னா சாட்டைன்னு அர்த்தம். வண்டி மாட்டுக்கு நாம வச்சிருக்கோமே, அதேதான்.

மீறினா என்ன ஆகும்? 1985ல ராஜீவ் காந்தி காலத்துல அரசியல் சட்டத்தை 52வது தடவையா திருத்திக் கட்சித் தாவல் தடைச் சட்டம் கொண்டுவந்தாங்க. காலையில ஒரு கட்சி, சாயங்காலம் ஒரு கட்சின்னு தாவுறவங்களைத் தடுக்க வந்த சட்டம். நல்ல நோக்கம்தான், மறுக்கலை. ஆனா அதுலயே இன்னொரு கண்ணியும் இருக்கு. கட்சி உத்தரவுக்கு மாறா ஓட்டுப் போட்டாலோ, ஓட்டே போடாம இருந்தாலோ பதவி போயிடும். முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்கணும், இல்லாட்டி 15 நாளுக்குள்ள கட்சி மன்னிக்கணும். அப்பத்தான் தப்பலாம். லஞ்சம் வாங்கிக்கிட்டுத் தாவுறவருக்கும், 'என் தொகுதி விவசாயி கெட்டுப் போவான்'னு எதிர்த்து ஓட்டுப் போடுறவருக்கும் ஒரே தண்டனை! 1990லயே தினேஷ் கோஸ்வாமி குழு சொல்லிச்சு, அரசாங்கம் நிக்குமா விழுமாங்கிற ஓட்டுக்கு மட்டும் இந்தத் தண்டனையை வச்சுக்குங்கன்னு. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதைக் கண்டுக்கலை. ஏன் கண்டுக்கப் போறாங்க, சாட்டை அவங்க கையில இருக்கிறப்ப?

இங்கிலாந்துல 2003 மார்ச்சுல ஈராக் போருக்கு ஓட்டெடுப்பு நடந்தது. ஆளுங்கட்சியான தொழிற்கட்சியிலயே 139 பேர் பிரதமர் டோனி பிளேருக்கு எதிரா ஓட்டுப் போட்டாங்க. அதுக்காக யாரோட எம்.பி. பதவியும் சட்டப்படி பறிபோகலை. அங்கேயும் கொறடா உண்டு. பதவியைப் பறிக்கிற சட்டம்தான் இல்லை.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். எந்தக் கட்சிக்காரர் இங்க நின்னாலும் கோவிச்சுக்க வேண்டாம், எல்லாருக்கும் பங்கு உண்டு.

2012 டிசம்பர் 5. சில்லறை வியாபாரத்துல அன்னிய முதலீட்டை வாபஸ் வாங்குன்னு மக்களவையில எதிர்க்கட்சிகள் தீர்மானம். திமுக என்ன சொல்லிச்சு? அன்னிய முதலீட்டை எதிர்க்கிறோம்னு சொல்லிச்சு. ஓட்டு எந்தப் பக்கம் போட்டுச்சு? அரசாங்கத்துப் பக்கம். ஆட்சி ஆடக்கூடாதுங்கிறது காரணம். தீர்மானத்துக்கு ஆதரவு 218, எதிர்ப்பு 253. வித்தியாசம் 35. திமுகவுக்கு அப்ப 18 எம்.பி. அவங்க பக்கம் மாறியிருந்தா இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட காணாமப் போயிருக்கும். பேச்சு ஒரு பக்கம், ஓட்டு ஒரு பக்கம்.

அடுத்து 2015 மார்ச் 10. இது நம்ம பட்டாவைத் தொடுற விஷயம், கவனமாக் கேளுங்க. 2013ல வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டத்துல, தனியார் கம்பெனிக்கு நிலம் எடுக்கணும்னா பாதிக்கப்படுற குடும்பங்கள்ல 80 சதவீதம் பேர் சம்மதிக்கணும்னு இருந்தது. அரசும் தனியாரும் கூட்டுச் சேர்ந்த திட்டம்னா 70 சதவீதம். மோடி அரசு கொண்டுவந்த திருத்தம், தொழில் வழித்தடம் முதலான அஞ்சு வகைத் திட்டத்துக்கு அந்தச் சம்மதமே தேவையில்லைன்னு ஆக்குச்சு. காங்கிரஸ் வெளிநடப்பு. பாஜகவோட கூட்டாளி சிவசேனாவே ஓட்டுப் போடாம ஒதுங்கிச்சு. கூட்டணியிலயே இல்லாத அதிமுக ஆதரிச்சது! தமிழ்நாட்டுல 39க்கு 37 தொகுதி அவங்க கையில. நம்ம சிவகங்கையும் அதுல ஒண்ணு. நிலத்தை இழக்கப் போற விவசாயிகிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா? மாநிலங்களவையில பெரும்பான்மை இல்லாததாலயும், நாடு பூரா விவசாயி எழுந்ததாலயும் அது நிறைவேறலை. அவசரச் சட்டம் 2015 ஆகஸ்டு 31ல காலாவதியாச்சு. நம்ம வரப்பைக் காப்பாத்தினது நம்ம எம்.பி.யோட ஓட்டு இல்லைங்கிறதை மட்டும் மனசுல வச்சுக்குங்க.

மூணாவது, 2020 வேளாண் சட்டங்கள். அந்தச் சமயம் தமிழ்நாட்டு மக்களவை உறுப்பினர்கள்ல ஒருத்தரைத் தவிர எல்லாரும் திமுக அணி. கட்சிகள் எதிர்த்தன, எம்.பி.க்களும் எதிர்த்தாங்க. அதிமுகவோட ஒரே உறுப்பினர், தேனிக்காரர், ஆதரிச்சுப் பேசினார். மாநிலங்களவையில என்ன நடந்ததுன்னா, அதிமுக உறுப்பினர் எஸ்.ஆர். பாலசுப்பிரமணியன் எழுந்து சட்டத்தோட குறைகளைச் சொன்னார். அவர் கட்சியோட முடிவு ஆதரவு. ஆக, மனசுல பட்டதைப் பேச வாய் இருக்கு. ஓட்டுத்தான் கட்சிக்கு அடமானம்.

அன்னைக்கு, செப்டம்பர் 20ல, இன்னும் மோசமான காரியம் ஒண்ணு நடந்தது. பேர் வாரியா ஓட்டெடுப்பு வேணும்னு எதிர்க்கட்சிகள் கேட்டாங்க. துணைத் தலைவர் ஒத்துக்கலை. 'ஆம்னு சொல்றவங்க ஆம்னு சொல்லுங்க, இல்லைனு சொல்றவங்க இல்லைனு சொல்லுங்க', முடிஞ்சுபோச்சு. குரல் வாக்கெடுப்பு. மறுநாள் எட்டுப் பேரை சஸ்பெண்ட் பண்ணினாங்க. ஊர்க் கூட்டத்துல பொதுக் கண்மாய் மீன் ஏலத்தை இப்படி முடிச்சா விடுவோமா? அறுபது, எழுபது கோடிப் பேரைத் தொடுற சட்டத்தை அப்படித்தான் முடிச்சாங்க. அதனால யார் எந்தப் பக்கம்னு பேர் வாரியான பதிவு இன்னைக்கும் கிடையாது. நாளைக்கு எந்த எம்.பி.யும் 'நான் அன்னைக்கே எதிர்த்தேன்'னு சொல்லிக்கலாம், இல்லைன்னு காட்ட நம்ம கையில காகிதம் இல்லை. டெல்லி எல்லையில விவசாயி ஒரு வருஷம் குளிரிலயும் வெயிலிலயும் கிடந்த பிறகு, 2021 நவம்பர் 29ல அதே சட்டங்களை விவாதமே இல்லாம ரத்து பண்ணினாங்க. கொண்டுவந்தப்ப ஆதரிச்ச கட்சிக்காரங்கதான் ரத்துக்கும் ஆதரவு. உத்தரவு மாறிச்சு, ஓட்டும் மாறிச்சு.

அப்ப எம்.பி.கிட்ட மனு கொடுக்கிறது வீணான்னு ஒரு அண்ணன் போன கூட்டத்துல கேட்டார். வீணில்லை. ஆனா நேரம் தப்பிக் கொடுக்கிறோம். மசோதா சபைக்கு வந்து, மூணு கோடு போட்ட கடிதம் போன பிறகு அவர் காலைப் பிடிச்சுப் பிரயோஜனம் இல்லை. அதுக்கு முன்னாடி கட்சி முடிவு எடுக்கிற இடத்துல அழுத்தம் விழணும். ஒன்றியச் செயலாளர், மாவட்டச் செயலாளர், கூட்டணிக் கட்சி, எல்லாரும் நம்ம ஊருலதானே இருக்காங்க? கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வர்றாங்கள்ல? அவங்க வாயிலிருந்து எழுத்துல பதில் வாங்கணும்.

2025ல விதை மசோதாவுக்கும் மின்சாரத் திருத்த மசோதாவுக்கும் மத்திய அரசு வரைவு வெளியிட்டுச்சு. விதை நெல்லும் பம்ப்செட்டு இலவச கரண்டும் நமக்கு உசுரு. இந்த மாதிரி மசோதாவுல உங்க கட்சி எந்தப் பக்கம், கட்சிக் கூட்டத்துல எம்.பி. எங்க சார்பா என்ன பேசினார், பேர் வாரியா ஓட்டெடுப்பு வேணும்னு எழுந்து கேட்பாரா. இந்த மூணு கேள்விதான் நம்ம மனுவுல இருக்கு. எம்.பி. அலுவலகத்துக்கு ஒரு நகல், எல்லாக் கட்சி மாவட்ட அலுவலகத்துக்கும் ஒவ்வொரு நகல். பதில் வந்தா அப்படியே நோட்டீஸ் அடிச்சு ஊர் ஊரா ஒட்டுவோம். வரலைன்னா, வரலைன்னு அடிச்சு ஒட்டுவோம்.

மனு மேடைக்கு இடதுபக்கம் மேசையில இருக்கு. கைநாட்டு வைக்கிறவங்களுக்கு மைப் பெட்டியும் வச்சிருக்கோம். பேரோட ஊர்ப் பேரையும் மறக்காம எழுதுங்க. ஆத்தாமார்களே, பட்டா உங்க பேர்ல இல்லைன்னு ஒதுங்கி நிக்காதீங்க. களை எடுக்கிறதும் நாத்து நடுறதும் நீங்கதான், முதல் கையெழுத்தை நீங்க போடுங்க.