பன்றிக்குட்டிகளின் கழிச்சல் நோய்



நெல்லுடனும் மரக்கறியுடனும் பன்றியும் வளர்ப்போர் உங்களுட் சிலர். மாலையில் துள்ளி விளையாடிய குட்டி காலையில் கண் குழிந்து, நீர்போற் கழிந்து, மடிந்து கிடப்பதை அவர்கள் அறிவர். இதன் காரணத்தையும் தடுக்கும் வழியையும் இன்று கூற விரும்புகிறேன்.

சிறுகுடலின் உட்சுவரில் சடைமுளைகள் எனும் நுண்ணிய முளைகள் உள. உணவின் சத்தையும் நீரையும் உறிஞ்சுவன இவையே. எசரிக்கியா கோலை எனும் பற்றீரியாவின் சில வகைகள் இவற்றில் ஒட்டிக்கொண்டு பெருகி, நஞ்சைச் சுரக்கின்றன. அந்நஞ்சினால், நீரை உறிஞ்சவேண்டிய குடல், உடலிலுள்ள உப்பையும் நீரையும் வெளியே கொட்டுகிறது. குட்டி பெரும்பாலும் இந்நீரிழப்பினாலேயே இறக்கிறது.

ஆகவே, கழிகின்ற குட்டிக்கு நீரை நிறுத்துவது பெருந்தவறு. இந்நோயிற் குளுக்கோசும் உப்பும் சேர்ந்தால் அவற்றை நீருடன் உறிஞ்சும் ஆற்றல் குடலுக்கு எஞ்சியிருக்கும். எனவே வாய்வழி நீரேற்றுத் தூளைப் பொதியிற் குறித்த அளவு கொதித்தாறிய நீரிற் கரைத்து, சிறிது சிறிதாக அடிக்கடி பருக்குக. பிறந்து சில நாளேயான குட்டிக்குச் சீனி கொடுக்கலாகாது. அதன் குடல் சீனியைச் செரிக்கமாட்டாது. தாய்ப்பாலையும் தடுக்கவேண்டாம். மிருக வைத்தியருக்குத் தாமதமின்றி அறிவியுங்கள். அவர் கூறாத நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். கண்டபடி கொடுத்தால் கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாகிவிடும்.

வருமுன் காப்பதே சிறந்தது. குட்டி நோயெதிர்ப்புப் பொருளின்றியே பிறக்கிறது. தாயின் முதற்பாலாகிய கடும்பிலிருந்தே அதைப் பெறுகிறது. அதைக் குருதியில் ஏற்கும் குடலின் ஆற்றல் ஏறக்குறைய 24 மணித்தியாலத்தில் அற்றுப்போகும். ஆதலால் பிறந்த 6 மணித்தியாலத்துள் ஒவ்வொரு குட்டியும், சிறப்பாக மெலிந்த குட்டி, கடும்பு குடித்ததா எனப் பாருங்கள். உலர்ந்த வைக்கோல் பரப்பி, குளிர்காற்றுப் படாது காத்திடுங்கள்.

பால்மறக்கும் காலமும் ஆபத்தானதே. அப்போது சடைமுளைகள் குறுகிவிடும், செரிமானம் தளரும். தாயுடன் இருக்கும்போதே குட்டிகளுக்குத் தீனியைச் சிறிது பழக்குங்கள். திடீரெனத் தவிட்டை வயிறுமுட்ட ஊட்டாதீர்கள்.

இறுதியாக ஒன்று. கொட்டிலின் பச்சை எருவை மரக்கறிப் பாத்திக்கு இடாதீர்கள். நன்கு மக்கச்செய்து கூட்டெருவாக்கியே இடுங்கள். அதிலுள்ள கிருமிகள் சில மனிதரையும் நோயுறச் செய்யும்.

கடும்பு, உலர்ந்த படுக்கை, தூய நீர் ஆகிய இம்மூன்றும் பெருஞ்செலவு வேண்டாதவை. இவற்றைத் தவறாது கைக்கொண்டால் பல குட்டிகள் பிழைக்கும். உங்கள் உழைப்பும் வீண்போகாது.